காத்தாடி காற்றை இழுத்தால் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கம் பைபர் வள்ளம் வைத்திருக்கும் இளைஞர்களுக்காக. காத்தாடியில் (தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளும் ‘புரொப்பல்லர்’) துளை போட்டு, கிளம்பும்போது எஞ்சினுக்கு நல்ல ‘பிக்கப்’ கிடைக்கச் செய்வது பற்றி ஒரு பகுதி. அதில் ‘வென்டிலேஷன்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். அகராதியைப் பார்த்தால் ‘காற்றோட்டம்’ என்கிறது. படிப்பவர் காத்தாடிக்கு ஜன்னல் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘கேவிட்டேஷன்’ என்று இன்னொன்றும் வருகிறது. இரண்டிலும் குமிழிதான் வருகிறது என்பதால் ‘குமிழாக்கம்’ என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடலாமா? ‘காற்றுக்கோளாறு’ என்றும் ஒரு நண்பர் சொன்னார்.

– பாளையங்கோட்டையிலிருந்து

* * *

> ஒரே சொல்லாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்தக் குழப்பத்தை ஆங்கிலத்தில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். காத்தாடிக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு தகடு, அதை ‘ஆன்ட்டி கேவிட்டேஷன் பிளேட்’ என்றுதான் இன்னமும் பல பேர் சொல்கிறார்கள். அது கேவிட்டேஷனைத் தடுப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே உள்ள காற்று காத்தாடிக்கு இறங்கிவிடாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். பெயர் ஒன்று, வேலை வேறு. நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அதையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

வள்ளத்தில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். எஞ்சின் கத்தும், வள்ளம் நகராது. காரணம்தான் வேறு. கேவிட்டேஷனில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. காத்தாடி இதழின் முதுகுப்பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்துபோய், தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்து ஆவிக்குமிழி ஆகிறது. அந்தக் குமிழி அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி, உலோகத்தைக் கொத்தி எடுக்கும். 1890களில் ‘டேரிங்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகம் போகாதபோதுதான் இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. ‘கேவிட்டேஷன்’ என்ற பெயரைச் சொன்னவர் ஆர். இ. ஃப்ரூட் என்ற கப்பல் பொறியாளர். 1894இல் ‘டர்பினியா’ என்ற நீராவி டர்பைன் கப்பலை ஓட்டிப் பார்த்த பொறியாளர் பார்சன்ஸும் இதே தொல்லையில்தான் மாட்டினார்.

வென்டிலேஷனில் கொதிப்பு கிடையாது. மேலேயிருந்து காற்றோ, எஞ்சின் புகையோ இதழுக்கு வந்து சேர்கிறது. காத்தாடி தண்ணீரைக் கடிக்காமல் நழுவுகிறது. நம் ஊரில் கிணற்றில் தண்ணீர் இறங்கி, குழாயின் வாய் மேலே தெரிந்துவிட்டால் என்ன சொல்வோம்? ‘மோட்டார் காத்து இழுக்குது’ என்போம். அதே சங்கதிதான். சொல்லும் அங்கேயே இருக்கிறது: காற்றிழுப்பு. ‘பேருதான் காத்தாடி, காத்தைக் குடிச்சா ஓடாது’ என்று எங்கள் பக்கம் ஒரு கேலி உண்டு.

‘காற்றுக்கோளாறு’ சரிவராது. அது எப்போதும் கோளாறு இல்லை. உங்கள் துளை விஷயத்தில் வேண்டுமென்றே வரவழைப்பது. புகை குடத்தின் வழியாக வெளியேறும் காத்தாடியில் (நடுப்பகுதியைக் ‘குடம்’ என்றே எழுதுங்கள், வண்டிச்சக்கரத்துக்கு இருக்கிற பெயர்தானே) ஒவ்வொரு இதழின் முதுகுப்பக்கமும், முன்விளிம்பு குடத்தைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு துளை போடுவார்கள். கிளம்பும்போது அந்தத் துளை வழியாகப் புகை இதழுக்கு வரும். காத்தாடி கொஞ்சம் நழுவும். அதனால் எஞ்சின் திணறாமல் சட்டென்று சுற்று ஏறும். வேகம் பிடித்து வள்ளம் தண்ணீர்மேல் ஏறி ஓடத் தொடங்கியதும், துளையைத் தாண்டி ஓடும் தண்ணீரே அதை அடைத்ததுபோல் ஆகிவிடும்.

இதில் நான் பட்டதையும் எழுதுகிறேன், கையேட்டுக்கு உதவும். எங்கள் வள்ளத்துக்கு ஒரு பட்டறையில் துளை போட்டோம். 6 மில்லிமீட்டரில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்கியிருக்க வேண்டும். ‘நல்லா வரட்டும்’ என்று எடுத்த எடுப்பிலேயே 10 மில்லிமீட்டர் பிட்டை வைத்து இறக்கிவிட்டார்கள். வெறும் வள்ளத்தில் ஜோராக இருந்தது. வலை, ஐஸ் பெட்டி, ஆள் எல்லாம் ஏற்றி அலையை வெட்டப் போனபோது எஞ்சின் ஊளையிட்டது, வள்ளம் கரையை விட்டு நகரவில்லை. அத்தனை பாரத்தோடு அது தண்ணீர்மேல் ஏறவே ஏறாது. ஏறாவிட்டால் துளை அடைபடாது. கடைசிவரை புகையை இழுத்துக்கொண்டே இருந்தது. அலை குறுக்கே தள்ளி, மண்ணில் போட்டது. மறுநாள் வெல்டிங் வைத்து அடைத்தோம்.

நம் வள்ளங்களுக்குத் துளையைவிடப் புரியிடையை, அதாவது காத்தாடி நழுவாமல் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னேறும் தூரத்தை, குறைப்பதே சரி என்பது என் கட்சி. ‘பிட்ச்’ என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் திருகு அளவிப் பாடத்திலேயே ‘புரியிடைத் தூரம்’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு அங்குலம் குறைந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 150, 200 சுற்று கூடும். உச்ச வேகம் கொஞ்சம் போகும், போகட்டும். மீனுக்குப் பந்தயமா விடுகிறோம்?

– உவரியிலிருந்து

* * *

தம்பிமார் இருவருக்கும்.

காற்றிழுப்பு நல்ல சொல். இரண்டு தடை மட்டும் சொல்கிறேன். ஒன்று, எஞ்சின் புகை காற்று ஆகுமா? ‘வளியிழுப்பு’ என்றால் இரண்டையும் தழுவும். இன்னொன்று, நம் பக்கத்தில் ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு நோய். ‘எஞ்சினுக்கு இழுப்பு’ என்றால் சிரிப்பார்கள். கேவிட்டேஷனுக்குக் ‘குழிவாக்கம்’ என்று போட்டால் விளைவு தெரிகிறது, காரணம் தெரியவில்லை. சூடில்லாமல் கொதிப்பதால் ‘தண்கொதி’ என்று வைத்துப் பாருங்கள்.

– திசையன்விளையிலிருந்து

* * *

அண்ணாச்சி, ‘தண்கொதி’யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ‘வளி’ எனக்கு ஒட்டவில்லை. கிணற்று மோட்டார்க்காரர் ‘வளி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. துளைக்குப் ‘புகைத்துளை’ என்று வைத்துவிட்டால், அங்கே வருவது புகை என்பது அதிலேயே தெரிந்துவிடும். தகட்டுக்குக் ‘காற்றுமறைத் தகடு’. இழுப்பு நோய் என்று சொன்னீர்களே, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. காற்றை இழுக்கிற எஞ்சினின் சத்தம் இரைப்பு மாதிரிதான் இருக்கும்.

நேற்று கரையில் எஞ்சின் பழுது பார்க்கிற ஒரு அண்ணனிடம் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். காற்றிழுப்பும் புகைத்துளையும் சொன்ன வேகத்திலேயே புரிந்தன. தண்கொதி என்றதும், “யாருக்குடே கொதி? ஓதணுமோ?” என்றார். சாப்பாட்டில் கண் பட்டு வருகிற கொதியை நினைத்துவிட்டார்.

காலடியில் கிடந்த பழைய காத்தாடியைத் திருப்பி, இதழின் முதுகில் முன்விளிம்பை ஒட்டியிருந்த பொட்டுப்பொட்டான குழிகளைக் காட்டினேன். தண்ணீர் இந்த இடத்தில் சூடில்லாமல் கொதித்துக் கொத்தியது என்றேன். கட்டைவிரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“உப்பு தின்னதுன்னுல்லா இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்.”

– உவரியிலிருந்து