இங்கிலாந்தில் பின்வளவுக் கோழி: கவுன்சில்காரரிடம் மாட்டிய அனுபவங்கள்

வளவுக்காரன், ஹாரோ
எனக்குத் தெரிஞ்சது சேவல் கதைதான். சேவல் கூவுதெண்டு பக்கத்து வீட்டார் குடுத்த முறைப்பாட்டுக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) ஆள் வந்து நிற்க, கோழி வளர்த்த அண்ணை "சேவல் கூடாதெண்டு எந்தச் சட்டத்தில இருக்கு?" எண்டு கேட்டார். "ஒண்டிலயும் இல்லை" எண்டு சொல்லிக்கொண்டே அந்த ஆள் பக்கத்து வீட்டார் நிரப்பிய தாள்களை எடுத்து விரிச்சார். எத்தினை மணிக்குக் கூவத் தொடங்கினது, எப்ப நிப்பாட்டினது, எல்லாம் நாள்வாரியா இருந்தது.

1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில சத்தமும் ஒரு தொல்லை. கவுன்சிலுக்கு அது உறுதியானால் தடுப்பு நோட்டீஸ் வரும். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில மேன்முறையீடு செய்ய 21 நாள் இருக்கு. அதையும் விட்டிட்டு சேவல் தொடர்ந்து கூவினால் அது குற்றம். இருட்டான, கழுத்தை நிமித்த ஏலாத உயரம் குறைஞ்ச பெட்டியில, காத்துத் துவாரம் விட்டு, காலமை எட்டு மணி வரை அடைச்சு வைச்சால் சத்தம் குறையும். நிக்காது. பேடு முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. பிறகேன் இந்த வழக்கு?

ரெடிங் தோட்டம்
சேவலை விடுங்க. "மூணே மூணு கோழிதானே, அதுக்கு என்ன பதிவு" என்று இன்னமும் சொல்கிறார்கள். 50க்குக் கீழே என்றால் பதிவு வேண்டாம் என்பது பழைய கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி இருந்தாலும் ஏபிஎச்ஏ என்ற அரசின் விலங்கு, தாவர நல முகமையில் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் கிளி, கேனரி போன்ற கூண்டுப் பறவைகளுக்கு மட்டும் விலக்கு. பறவைக் காய்ச்சல் வந்தால் 3 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் எங்கே கோழி இருக்கிறது என்று தெரியத்தான் பதிவு. பதிந்தவர்களுக்கு எச்சரிக்கையும் வரும்.

கீரைப்பாத்தி, ஈஸ்ட்ஹாம்
பதிவு சரி. எங்கட ஆக்கள் அதைவிடக் கூடப் பிழைக்கிற இடம் சோறு. கூட்டு வாசலில எவர்சில்வர் தட்டு, அதில மிச்சச் சோறும் பருப்பும். பார்க்க வந்த ஆள் கோழியைப் பார்க்கவே இல்லை, தட்டைத்தான் பார்த்தார்.

சமையலறைக்குள்ள போய்வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது. கரட் தோலும் அதுக்குள்ள அடக்கம். 2001இல பன்றிக்குப் போட்ட எச்சிற் சாப்பாட்டால கோமாரி பரவினதை இந்த நாடு மறக்கேல்லை. பால், முட்டை, இறைச்சி ஒண்டுமே உள்ளுக்கு வராத வீட்டுக்குத்தான் விலக்கு. மீன், இறைச்சி சமைக்காத வீடெண்டாலும் தயிரும் நெய்யும் இருந்தால் தப்பேலாது. பாத்தியில பிடுங்கின கீரையைக் குசினிக்குக் கொண்டுபோகாமல் நேரே கூட்டுக்குள்ள போடுங்கோ, அதில பிழையில்லை.

வளவுக்காரன், ஹாரோ
தட்டுப் பார்க்க ஆர் வீடுவீடா வாறான்? சத்தத்துக்குத்தான் வருவாங்கள்.

கீரைப்பாத்தி, ஈஸ்ட்ஹாம்
எலிக்கும் வருவாங்கள், அண்ணை. எலி அந்தச் சோத்துக்குத்தான் வரும். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி எலியை ஒழிக்கச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் தரலாம்.

லெஸ்டர் தச்சன்
எலி என்றதால் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கூடு சரியாக இருந்தால் மேலே உள்ள பாதி வழக்கு வராது.

'கோழி வலை' என்று விற்கும் அறுகோணக் கம்பி கோழியை உள்ளே வைக்கும், நரியை வெளியே வைக்காது. பல்லால் இழுத்துப் பிய்த்துவிடும். 13 மில்லிமீட்டர் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த வலை வாங்குங்கள். பெரிய கண் என்றால் எலிக்குஞ்சு நுழையும். வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட, கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் தரையோடு படுக்க வைத்து மேலே கல் பாவுங்கள். நரி சுவரை ஒட்டியே தோண்டும், வலை தட்டியதும் விட்டுவிடும். பலகைக் கூட்டை 25 சென்டிமீட்டராவது கால் வைத்து உயர்த்துங்கள். தரையோடு இருந்தால் எலி அடியில் குடியிருக்கும். தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்குச் சுமார் 120 கிராம் போதும். பொழுதுபட்டதும் மிச்சத்தை மூடியுள்ள தகர வாளிக்குள் போடுங்கள். பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும்.

கோழி நடமாடும் வலை அடைப்புக்குத் தகரக் கூரை போடுங்கள். 2022 நவம்பர் 7 முதல் அடுத்த ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை வெளியே விடாதே என்று உத்தரவு இருந்தது. கூரையில்லாதவர்கள் பனியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நின்றார்கள். காட்டுப்பறவையின் எச்சம் உள்ளே விழக் கூடாது, அதனால் மேலே வலை மட்டும் போதாது.

கூட்டுக்குப் பெரும்பாலும் கட்டட அனுமதி தேவையில்லை. வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டு முன்பக்கம் கூடாது. பிளாட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை.

ரெடிங் தோட்டம்
வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பாருங்கள். பழைய குடியிருப்புகள் சிலவற்றில் "பன்றி, கோழி வளர்க்கக் கூடாது" என்றே எழுதியிருக்கும். அதைப் பிடித்து வழக்குப் போடுவது கவுன்சில் இல்லை, அந்தக் கட்டுப்பாட்டின் பலன் யாருக்கு இருக்கிறதோ அவர்கள்.

கீரைப்பாத்தி, ஈஸ்ட்ஹாம்
வளவில்லாதவை அலொட்மென்டை, அதாவது பயிர்செய்ய வாடகைக்குக் குடுக்கிற தோட்டத்துண்டைப் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டுச் சட்டம் அங்க பேட்டுக்கோழிக்கு இடம் குடுக்குது. விக்கிறதுக்கு வளர்க்கேலாது. சேவலுக்கு அங்கயும் இடமில்லை, அண்ணை.