பைப்பிங்குக்குத் தமிழ்ச்சொல்: குழாயரிப்பு வேண்டாம்

மடல் 1, திருமங்கலத்திலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

படகுக் குளமாக மாறும் கண்மாய்களின் கரைக்காவலருக்காக நாம் எழுதிவரும் பார்வைப் பட்டியலில் 11-ஆம் வரி இன்னும் இடிக்கிறது. "குழாயரிப்பு உள்ளதா எனப் பார்க்கவும்" என்று வரைவில் இருக்கிறது. கசியும் நீர் கரை மண்ணை உள்ளே அரித்துக் குழாய்போல் பொந்து உண்டாக்குவதை ஆங்கிலத்தில் பைப்பிங் என்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்தது. இது போக வேண்டும் என்கிறேன். அழகு குறைவு என்பதற்காக அல்ல. கரைக்கு அடியில் உண்மையாகவே ஒரு குழாய் இருக்கிறது, மடையிலிருந்து வெளிவாய்க்கால் வரை. "குழாயரிப்பு" என்று படிப்பவர் அந்தக் குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவார். அவர் படித்தது சரி, எழுதிய நாம்தான் தவறு.

நடப்பது இதுதான். மண்கரை என்றால் ஊறும், வெளிச்சரிவின் அடியில் கசியும். தெளிந்த நீராக, ஒரே அளவில் கசிகிற வரை கரைக்குக் கேடில்லை. வெளியேறும் இடத்தில் நீரின் விசை மண்துகளைக் கிளப்பும் அளவுக்குக் கூடிவிட்டால் முதல் துகள் அங்கேதான் கழலும். ஒரு சிறு குழி விழும். குழி விழுந்த அளவுக்கு நீர் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது, விசை இன்னும் கூடுகிறது, அடுத்த துகளும் போகிறது. ஆக, பொந்து வெளியிலிருந்து தொடங்கி தண்ணீரை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது. உள்பக்கத் தண்ணீரை எட்டிவிட்டால் பிறகு மணிக்கணக்குதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் மண்அணை 1976 ஜூன் 5 அன்று, முதல்முறை நிரப்பும்போதே, இப்படிப் போனது. காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

என் முன்மொழிவு "புரையோடல்". புரையோடிய புண்ணுக்கு வெளியே சிறு வாய்தான் தெரியும், உள்ளே வழி நீண்டுகொண்டே போகும். பைப்பிங்கும் அச்சாக அதுதான். "கரை புரையோடுகிறது" என்று வினையாகவும் சொல்லலாம். அகராதியைத் தேட வேண்டியதில்லை, எல்லார் வாயிலும் இருக்கிற சொல்.

மடல் 2, மேலூரிலிருந்து

> கரை புரையோடுகிறது என்று வினையாகவும் சொல்லலாம்

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பொறியாளருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று பாருங்கள். மழை இரவில் கைப்பேசியில், காற்று இரைச்சலில் போகும். "கரை புரையோடுது" என்பது "கரை புரளுது" என்று காதில் விழும். இரண்டும் வேறு வேறு ஆபத்து, செய்ய வேண்டியதும் வேறு. கரைபுரண்டால் கலுங்கை (உபரிநீர் வழியும் கட்டடத்தை) அடைத்திருப்பதை எடுக்க வேண்டும், கரை உச்சியில் தாழ்ந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்க வேண்டும். பைப்பிங் என்றால் உச்சியில் ஆளுக்கு வேலையே இல்லை, எல்லாரும் வெளிச்சரிவின் அடியில் நிற்க வேண்டும்.

பொழுதுபோக்கு நீர்நிலைகளில் கரைபுரள்வது எங்கிருந்தோ வரும் ஆபத்தும் அல்ல. பென்சில்வேனியாவில் 1889 மே 31 அன்று உடைந்து ஜான்ஸ்டவுனில் 2,209 பேரை வாரிக்கொண்டு போன சவுத் ஃபோர்க் அணை, மீன்பிடிக்கவும் படகுவிடவும் வந்த செல்வர்களின் மன்றத்துக்குச் சொந்தமானது. வண்டி போவதற்காக உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். மீன் தப்பாமலிருக்க உபரிநீர் வழியில் கம்பித்தடுப்பு போட்டிருந்தார்கள், அதில் சருகும் கிளையும் வந்து அடைத்தது. அடிமட்ட வெளியேற்றுக் குழாய்கள் முன்பே கழற்றப்பட்டுவிட்டன. நம் பக்கம் படகு தரைதட்டாமலிருக்கக் கலுங்குக் கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து மட்டத்தை உயர்த்துவதும் அதே புத்திதான். அதனால் "கரைபுரளல்" என்ற சொல்லை அதற்கே விட்டுவிட வேண்டும், பக்கத்தில் ஒலிக்கும் இன்னொரு சொல் கூடாது.

"உள்ளரிப்பு" என்று முன்பு ஒருவர் எழுதினார். அது பெருவகுப்பின் பெயர். விரிசல் வழி அரிப்பும், கரையும் பாறையும் சேரும் இடத்து அரிப்பும் அதில் அடங்கும். "ஊற்றரிப்பு" வேண்டவே வேண்டாம். ஊற்று என்றால் நம் ஊரில் நல்ல சகுனம், கரையடியில் ஊற்று கண்டவர் மகிழ்ந்து குடத்தோடு வருவார். "கலங்கல் கசிவு" என்று வைத்தால் என்ன? கண்ணுக்குத் தெரிவதையே பெயராக்கலாமே.

மடல் 3, மதுரையிலிருந்து

இருவர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

"கலங்கல் கசிவு" இங்கே பொருந்தும், வடமாவட்டங்களில் பொருந்தாது. நாம் கலுங்கு என்பதை அங்கே கலங்கல் என்கிறார்கள். "கலங்கலில் கசிவு" என்று படித்துவிட்டு ஆள் கலுங்குக் கட்டடத்துக்குப் போய்விடுவார். தவிர, கலங்குவது அறிகுறிதான். நோய்க்கும் அறிகுறிக்கும் ஒரே பெயர் வைத்தால், நீர் சற்று தெளிந்ததும் நோய் போய்விட்டது என்று எண்ணத் தோன்றும். பொந்தின் கூரை உள்ளே சரிந்து தற்காலிகமாக அடைத்தாலும் கசிவு தெளியும், நிற்கவும் செய்யும். அதுதான் மிக மோசமான நேரம்.

ஆகவே "புரையரிப்பு". வல்லோசை நடுவில் வருவதால் "புரளுது" என்று யார் காதிலும் விழாது. குழாயோடும் குழம்பாது. கண்புரையை நினைவூட்டும் என்று யாரேனும் சொல்லலாம். சூழல் வேறு என்பதால் அது தடையாகாது. புரையோடல் என்ற வினை விளக்கவுரையில் இருக்கட்டும், தகவல் சொல்லும்போது பெயர்ச்சொல் மட்டும்.

சொல் முடிவானாலும் காவலர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வரியில் சேர்க்காவிட்டால் பயனில்லை. பாசனக் கண்மாய் மாசி பங்குனிக்குள் வற்றும். கரை காயும், உள்சரிவு முழுதும் கண்ணுக்குத் தெரியும், நண்டுவளையும் எலிவளையும் அகப்படும். படகு விடுகிற குளத்தில் ஆண்டு முழுக்க நீரை நிறுத்துகிறோம், அதனால் கரைக்குள் ஈரக்கோடு, அதாவது ஊறிய மண்ணின் மேல்மட்டம், உயரத்திலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் நாம் சேர்க்கிறவை பல. வெளிச்சரிவில் புல்தரை போட்டு நீர் தெளித்தால் கசிவின் ஈரமும் தெளிப்பின் ஈரமும் பிரித்தறிய முடியாது. விளக்குக் கம்பத்துக்கு மின்கம்பி கொண்டுபோகக் கரையைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் அந்தப் பள்ளமே நீருக்கு வழி. வெட்டிய கருவேலத்தின் வேர் மட்கினால் அங்கேயும் பொந்து. வண்டியூர், மாடக்குளம் போல நகரம் சூழ்ந்த கண்மாய்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கரைக்குக் கீழே இப்போது வயல் இல்லை, வீடுகள்.

புரையரிப்பு மிகுதியும் தொடங்கும் இடம் மடைக்குழாயின் ஓரம். உருண்டைக் குழாயின் இருபுறமும் அடிவயிற்றுப் பகுதியில் மண்ணை இடித்து இறுக்க முடியாது, திமிசுக் கட்டை அங்கே எட்டாது. குழாயைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போலக் கான்கிரீட் வளையம் கட்டுவது பழைய வழக்கம். அந்த வளையத்தின் ஓரத்திலும் மண் இறுகுவதில்லை. இன்று வெளிப்பக்கப் பகுதியில் குழாயைச் சுற்றிச் சுத்தமான மணலால் வடிப்பான் அமைப்பதே முறை.

கையேட்டில் அடையாளத்தை இப்படி எழுதலாம்: கரையடியில் நீர் குமிழியிடும், அதைச் சுற்றி எறும்புப் புற்று வாய்போல நுண்மணல் வளையமாகப் படியும். கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் மண் தங்கும். கசிவு வாய்க்காலில் 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகடு ஒன்றைப் பதித்துவிட்டால் அளவையும் எழுதலாம். வெட்டின் கூர்முனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர், 10 செ.மீ. நின்றால் நாலேகால் லிட்டருக்குச் சற்று மேல். குள மட்டம் மாறாதபோதும் இந்த எண் ஏறினால் உடனே சொல்ல வேண்டும்.

அடுத்து, ஊரில் எல்லாரும் செய்யும் தவறு. ஓட்டையைக் களிமண்ணாலும் சிமெண்டாலும் அடைப்பார்கள். நீரழுத்தம் குறையாது, பக்கத்தில் வேறு வாய் திறக்கும். நீரை விட வேண்டும், மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். ஊற்றுவாயின் மேல் கழுவிய பெருமணல் ஒரு சாண், அதன்மேல் 6 முதல் 12 மி.மீ. சல்லி ஒரு சாண், அதன்மேல் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி, மேலே பாரத்துக்குக் கல். கிரஷர் தூசு கலந்தால் வடிப்பான் அடைத்துக்கொள்ளும். குமிழி வலுவாக இருந்து மணலைத் தள்ளிவிட்டால், சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி உள்ளே நீர் உயர விட வேண்டும். தெளிந்து ஓடத் தொடங்கியதும் உயரத்தை நிறுத்திவிட வேண்டும். முழுதாக நிற்கும்படி கட்டினாலும் வேறிடத்தில் வெடிக்கும். கூடவே மடையைத் திறக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்கக் கூடாது, நனைந்த உள்சரிவு வழுக்கி விழும். மண்ணோடு கசிவு கூடிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கைப் பார்க்காமல் இறக்க வேண்டும், கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்தவும் வேண்டும்.

11-ஆம் வரி என் திருத்தத்தில்:

"புரையரிப்பு: வெளிச்சரிவின் அடியிலும் மடைக்குழாய் வெளிவாயின் இருபுறமும் நீர் கலங்கி வருகிறதா, மணல் வளையம் உண்டா, நேற்றுக் கசிந்த இடம் இன்று திடீரென நின்றதா? மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் அடைக்க வேண்டாம். உடனே தகவல் சொல்லி, ஒருவர் அங்கேயே நிற்கவும்."

மடல் 4, மேலூரிலிருந்து

புரையரிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். "ஒருவர்" என்பதை "இருவர்" என்று மாற்றுங்கள். ஒருவர் தகவல் சொல்லப் போனாலும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும்.