குடும்பக் குழுவில் ஒரு படம்

ராமநாதன் மாமா, காலை 7:12
[படம்: பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது]
நேற்று சாலையை மறித்து உட்கார்ந்தவர்களின் படம் இது. சிவப்பு வட்டத்துக்குள் இருப்பவர்கள் தீவிரவாதிகள் என்று கீழே எழுதியிருக்கிறது. எல்லோரும் முகங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

கயல்விழி, காலை 7:31
மாமா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமிட்டிருக்கும் ஆறு பேரில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறார். இன்னொருவர் கோரிக்கை அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அவர்கள் எந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள், என்ன குற்றம் செய்தார்கள், எங்கே வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வட்டம் போட்டவர் யார் என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

ராமநாதன் மாமா, காலை 7:40
யார் போட்டால் என்ன? ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் உட்காருகிறவர்களை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது? போராடுகிறவர்களுக்காகப் பேச நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். வண்டிக்குள் மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அருள், காலை 8:05
மாமா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கறிஞனாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பொதுவழியை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அபராதத்தோடு முடிகிற குற்றம். தீவிரவாதம் என்று சொல்லிவிட்டால் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் வாசலுக்குப் போய்விடுகிறோம். 1967-இல் வந்த அந்தச் சட்டத்தில் பயங்கரவாதம் பற்றிய அத்தியாயம் 2004-இல் சேர்ந்தது. 2008-இல் ஜாமீன் விதி இறுகியது. 2019-இல் அமைப்புகளை மட்டுமல்லாமல் தனி ஆட்களையும் பயங்கரவாதி என்று அரசே அறிவித்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆனது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. காவல்துறையின் குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்க்கும்போது உண்மையென நம்ப இடமிருந்தாலே ஜாமீன் மறுக்கப்படும். விசாரணை முடிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். கடைசியில் விடுதலை கிடைத்தாலும் போன ஆண்டுகள் திரும்பி வராது.

சுந்தரி அத்தை, காலை 8:11
அப்படியென்றால் சாலையில் உட்கார்ந்ததற்காக அந்தச் சட்டத்தில் பிடிக்க முடியுமா, அருள்?

அருள், காலை 8:24
வெறுமனே உட்கார்ந்தார்கள் என்று யாரும் வழக்கில் எழுத மாட்டார்கள், அத்தை. பெரிய சதியின் ஒரு பகுதியாக உட்கார்ந்தார்கள் என்று எழுதுவார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் முன்நின்ற மூன்று மாணவர்கள் டெல்லிக் கலவர வழக்கில் ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்த பிறகு, 2021 ஜூன் 15 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. எதிர்ப்பை அடக்கும் அவசரத்தில், போராடும் உரிமைக்கும் பயங்கரவாதச் செயலுக்கும் இடையிலான கோடு அரசின் கண்ணில் மங்கிவருகிறது என்று அந்தத் தீர்ப்பு கவலைப்பட்டது. மூன்று நாள் கழித்து, ஜாமீனில் தலையிடாத உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. நீதிமன்றங்களுக்கே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் இவ்வளவு இழுபறி இருக்கும்போது, பெயர் தெரியாத ஒருவர் கைப்பேசியில் போட்ட சிவப்பு வட்டத்தை நாம் நம்பிப் பரப்புவது சரியா?

பெரியப்பா, காலை 8:50
எனக்கு நினைவுக்கு வருவது தென்னாப்பிரிக்கா. 1950-இல் அந்த நாட்டு அரசு கம்யூனிச ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தை மீறி அரசியல் மாற்றமோ சமூக மாற்றமோ கொண்டுவர முயன்றாலே அது கம்யூனிசம் என்கிற அளவுக்கு அதில் விளக்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். 1952-இல் நிறவெறிச் சட்டங்களை அறவழியில் மீறும் இயக்கம் நடந்தபோது நெல்சன் மண்டேலா உள்ளிட்ட இருபது பேர் மீது அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். தொண்டர்களை அமைதி காக்கும்படியும் வன்முறையைத் தவிர்க்கும்படியும் இவர்கள் தொடர்ந்து அறிவுறுத்தியிருக்கிறார்கள் என்று நீதிபதியே ஏற்றுக்கொண்டார். ஊரார் கம்யூனிசம் என்று அறிந்திருப்பதற்கும் இந்தச் சட்டம் சொல்கிற கம்யூனிசத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று குற்றவாளிகளாகத் தீர்ப்பளித்து, ஒன்பது மாதக் கடுங்காவலை நிறுத்திவைத்த தண்டனையாக விதித்தார்.

ராமநாதன் மாமா, காலை 9:02
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே. அதே மண்டேலா 1961-இல் ஆயுதப் பிரிவு தொடங்கினாரா இல்லையா? பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள் 1912-இலிருந்து 1914 வரை அஞ்சல் பெட்டிகளுக்கும் ஆளில்லாத கட்டடங்களுக்கும் தீ வைத்தார்களா இல்லையா? பிற்பாடு வரலாறு அவர்களைக் கொண்டாடியது என்பதற்காக, அன்றைக்குப் பயந்தவர்கள் எல்லோரும் முட்டாள்களாகிவிடுவார்களா?

கயல்விழி, காலை 9:20
நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, மாமா; அன்றைக்குப் பயந்தவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்: தீ வைத்தார்கள், ஆயுதப் பிரிவு தொடங்கினார். என்ன செய்தார்கள் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கு ஆதாரம் கேட்கலாம், தண்டிக்கலாம், நியாயப்படுத்த முடியுமா என்று வாதாடலாம். இந்தப் படத்தில் அந்த மாதிரி ஒரு வினைச்சொல்கூட இல்லையே. இன்னொன்று: மண்டேலாவின் கட்சியினரை அமெரிக்கா தன் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது 2008-இல்தான். அதற்குள் அவர் நோபல் பரிசு வாங்கி, அதிபராக இருந்து, பதவியை விட்டும் இறங்கிவிட்டார். முத்திரை குத்த ஒரு நாள் போதும், மாமா, எடுக்கத்தான் ஆளில்லை.

அருள், காலை 9:48
ஆயுதமே எடுக்காதவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஜெர்மனியில் 1972 ஜனவரியில் ஓர் ஆணை வந்தது. அரசியல் சாசனத்துக்கு விரோதமானவர்கள் அரசுப் பணியில் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். இங்கே வாக்கெடுப்பு வைத்தால் மாமா மட்டுமல்ல, அத்தையும் கை தூக்குவார். நடைமுறையில் என்ன ஆனதென்றால், அரசு வேலைக்கு விண்ணப்பித்த லட்சக்கணக்கானவர்களைப் பற்றி உளவுத்துறையிடம் விசாரித்தார்கள். சட்டப்படி இயங்கிய ஒரு கட்சியில் உறுப்பினராக இருந்ததற்காக ஆசிரியர்களும், தபால்காரர்களும், ரயில் ஓட்டுநர்களும் விசாரணைக்கு ஆளானார்கள். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவரின் அரசியலால் அந்தக் கடிதத்துக்கு என்ன ஆபத்து என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜெர்மன் மொழியும் பிரெஞ்சும் கற்பித்த ஒரு பள்ளி ஆசிரியை அப்படிப் பதவி நீக்கப்பட்டார். வகுப்பறையில் அவர் தவறாக எதுவும் செய்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. 1995-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய கருத்துரிமையும் சங்கம் சேரும் உரிமையும் மீறப்பட்டன என்று 10-க்கு 9 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகள் மறுபக்கம் நின்றார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

கயல்விழி, காலை 9:55
ரஷ்யா இதைவிட வெளிப்படை. அங்கே 2002-இல் வந்த தீவிரவாத எதிர்ப்புச் சட்டம், வன்முறை இல்லாத செயல்களையும் தீவிரவாதம் ஆக்கிவிடும் அளவுக்கு விரிந்தது. 2017-இல் யெகோவாவின் சாட்சிகளைத் தீவிரவாதிகள் என்று உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கவே மறுக்கிற மதத்தார் அவர்கள்!

ராமநாதன் மாமா, காலை 10:15
ரஷ்யா வரை போக வேண்டாம், கயல். இந்தக் குழுவுக்கே வருவோம். போன மாதம், உன் கருத்துக்கு மாறாகத் தொலைக்காட்சியில் பேசிய ஒரு பேராசிரியரைப் பாசிஸ்ட் என்று நீ இங்கேதான் எழுதினாய். நான் குத்தினால் முத்திரை, நீ குத்தினால் விமர்சனமா?

கயல்விழி, காலை 10:22
அவர் பேசியதை வரிவரியாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அப்படி எழுதினேன், மாமா. அதோடு, என் சொல்லை நம்பி யாரும் அவரைக் கைது செய்யப் போவதில்லை.

சுந்தரி அத்தை, காலை 10:30
அது பதில் ஆகாது, கயல். கைது ஆகவில்லை என்பது அவருடைய நல்ல காலம். உன்னுடைய நிதானம் அல்ல. நீ அந்தச் சொல்லைப் போட்ட பிறகு, நீ எடுத்துப்போட்ட வரிகளை இந்தக் குழுவில் யாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அவர் சொன்னதில் என்ன தவறு என்பது எனக்கு இன்றும் தெரியாது.

கயல்விழி, காலை 10:34
அந்த வரிகளை மறுபடி அனுப்புகிறேன், அத்தை. அந்தச் சொல் இல்லாமலே அனுப்புகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெரியப்பா, காலை 10:41
ராமநாதன், குழு நிர்வாகியாக ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை எல்லோருக்கும் நீக்கிவிடுங்கள். அந்த ஆறு பேருக்கும் வீட்டுக்காரரும் முதலாளியும் இருப்பார்கள். பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020-இலேயே கட்டுப்பாடு போட்டும், அது நம் வீடு வரை வந்திருக்கிறது. உங்கள் குறை சாலை மறியலைப் பற்றியது. அதை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள், இங்கே யாரும் தடுக்க மாட்டோம்.

[ராமநாதன் மாமா ஒரு செய்தியை நீக்கினார்]

ராமநாதன் மாமா, காலை 11:03
நேற்று மறியல் நடந்த சாலை மருத்துவமனைக்குப் போகும் முக்கிய வழி. ஆம்புலன்ஸ் வந்தால் விலகி வழிவிடுவதற்கு யாரையும் பொறுப்பாக நிறுத்தாமல் அங்கே உட்கார்ந்தது தவறு. கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், இதற்கு மறியலை நடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

கயல்விழி, காலை 11:10
நடத்தியவர்களில் ஒருவரைத் தெரியும், மாமா. நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பிக் கேட்கிறேன்.

ராமநாதன் மாமா, காலை 11:12
கேள். என் பெயரைப் போட்டே கேள். என்ன பதில் வந்தாலும் ஒரு சொல்லும் விடாமல் இங்கே போடு.