மண்டல ஜோடிப் போட்டி: தகுதி விதியில் நீங்கள் மாட்டிய அனுபவம் உண்டா?

வடக்கு இருக்கை

போன மாதம் எங்களுக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்களில் பலர் இந்த ஆண்டு தகுதிச் சுற்று ஆடப் போகிறீர்கள் என்பதால் உதவும்.

நானும் என் பார்ட்னரும் 11 ஆண்டுகளாகச் சேர்ந்து பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறோம். மண்டல இறுதிக்கு இதுவரை ஒரு முறைகூடப் போனதில்லை. இந்த முறை கிளப்பில் நடந்த தகுதிச் சுற்றில் எல்லாமே கூடி வந்தது. கடைசி ரவுண்டில் ஒரு சிறிய ஸ்லாம் (13 டிரிக், அதாவது சீட்டுச் சுற்றுகளில், 12 எடுப்பது) ஏலம் கேட்டுச் செய்தோம், 56 சதவீதத்துக்கு மேல் போய் இரண்டாம் இடம். முதல் நான்கு ஜோடிகள் மண்டல இறுதிக்கு. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. தகுதிச் சுற்று நடந்த நாளில் என் பார்ட்னரின் உறுப்பினர் சந்தா காலாவதியாகி இருந்திருக்கிறது. நான்கு நாள் கழித்துத்தான் புதுப்பித்திருக்கிறார். ஆகவே எங்கள் ஜோடிக்குத் தகுதி இல்லை, ஐந்தாம் இடத்து ஜோடி எங்களுக்குப் பதிலாகப் போகிறது.

இறுதிப் போட்டி இன்னும் ஆறு வாரம் தள்ளி இருந்தது. அதற்குள் அவர் முறையான உறுப்பினர்தானே என்று வாதாடிப் பார்த்தேன். விதியில் "தகுதிச் சுற்றின் முதல் போர்டு தொடங்கும்போது இருவரும் நடப்பு உறுப்பினராக இருக்க வேண்டும்" என்று தெளிவாக இருந்தது (போர்டு என்றால் ஒரு முறை பகிர்ந்த சீட்டுகளை வைத்து ஆடும் ஓர் ஆட்டம்). என் சந்தா சரியாக இருந்ததால் என்னை மட்டும் வேறு ஒருவரோடு அனுப்பலாமா என்றும் கேட்டேன். முடியாது என்றார்கள். தகுதி பெறுவது ஜோடி. ஜோடியில் ஒருவர் விழுந்தால் அந்த இடமே போய்விடும்.

கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் விதியை மூன்றாம் முறை படித்தபோது அந்த ஐந்தாம் இடத்து ஜோடியை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் தேதி பார்த்துச் சந்தா கட்டி, எல்லோருக்கும் ஒரே விதி என்று நம்பி வந்து உட்கார்ந்தவர்கள். எங்களுக்காக விதியை வளைத்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? என் பார்ட்னர்தான் இன்னும் மனசு ஆறாமல் இருக்கிறார். தினமும் போன் செய்து மன்னிப்புக் கேட்கிறார், எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

உங்களுக்கு இதுபோல ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எந்த விதி, எங்கே இடித்தது என்று விவரமாக.

சிறுதுருப்பு

படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. உங்கள் பார்ட்னரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சந்தா தேதியை மறப்பவர்கள் நிறையப் பேர்.

என் கதை வேறு மாதிரி. எங்கள் மண்டலத்தில் தகுதிச் சுற்று ஒரே நாளில் நடப்பதில்லை. மூன்று வாரத்தில் பல இடங்களில் நடக்கும். ஏற்கெனவே தகுதி பெறாதவர் வேறு பார்ட்னரோடு இன்னொரு சுற்றில் ஆடலாம். தகுதி பெற்றவர் மறுபடி ஆட முடியாது. இது வரைக்கும் எனக்குத் தெரியும்.

முதல் சுற்றில் என் வழக்கமான பார்ட்னரோடு ஆடினேன். 51 சதவீதம்தான் வந்தது, ஆனால் இருப்புப் பட்டியலில் முதல் பெயர் எங்களுடையது. இரண்டாம் சுற்றில் ஒரு தோழி கூப்பிட்டாள், போனேன். 57 சதவீதம், நேரடித் தகுதி. மகிழ்ச்சியாக வீடு வந்தேன்.

அடுத்த வாரம் முதல் சுற்றில் தகுதி பெற்ற ஒரு ஜோடி விலகிவிட்டது. இருப்பில் முதலில் இருந்த எங்களைக் கூப்பிட்டார்கள். இப்போது நான் இரண்டு பேரோடும் தகுதி பெற்றவள்! விதிப் புத்தகத்தைத் தேடினால் ஒரே ஒரு வரி இருந்தது: நேரடியாகப் பெற்ற தகுதி முந்தும், இருப்பு இடம் தானாகவே விழும். முடிவு என் கையில் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பக்கம் நிம்மதி. ஆனால் எட்டு வருடம் கூட ஆடியவரிடம் போய் "உங்களோடு வர முடியாது, உங்கள் இடமும் என்னால் போய்விட்டது" என்று சொல்ல வேண்டி இருந்தது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

இரண்டாம் சுற்றுக்குச் சரி சொல்வதற்கு முன்னால் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். விதி அனுமதித்தது, அதனால் கேட்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதலில் அவருக்குத்தான் போன்.

பழைய டைரக்டர்

இருபது ஆண்டுக்கு மேல் டைரக்டராக, அதாவது ஆட்ட நடுவராக, போட்டி நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். மேலே இருவரும் எழுதியது "போட்டி நிபந்தனைகள்" என்ற தாளில் வருகிற விஷயம். 2017ஆம் ஆண்டின் டூப்ளிகேட் பிரிட்ஜ் (ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் முறை) விதிகளில் 78ஆம் விதியின் கடைசிப் பகுதி இதைத்தான் சொல்கிறது: யார் சேரலாம், மதிப்பெண் எப்படி, வெற்றியாளர் யார், சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் நடத்துபவர் முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஆகவே அந்தத் தாளைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நான் அதிகம் பார்த்த சண்டை சந்தாவைப் பற்றியது அல்ல, சதவீதத்தைப் பற்றியது. ஒரு முறை 15 மேசை, 30 ஜோடி. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 ஜோடி தகுதி. மிட்செல் முறையில் ஆடினோம். வடக்கு-தெற்காக எதிரெதிரே உட்காரும் ஜோடிகள் அதே மேசையில் இருப்பார்கள், கிழக்கு-மேற்கு ஜோடிகள் ரவுண்டுக்கு ரவுண்டு நகர்வார்கள். ஆகவே ஒவ்வொரு திசையிலிருந்தும் ஐந்து ஜோடி.

வடக்கு-தெற்கில் ஆறாவதாக வந்தவர்கள் 53.4 சதவீதம். கிழக்கு-மேற்கில் ஐந்தாவதாக வந்தவர்கள் 51.9. அந்த ஆறாம் இடத்து ஜோடி என்னிடம் வந்து கேட்டது: "எங்களைவிடக் குறைவாக எடுத்தவர் போகிறார், நாங்கள் வீட்டுக்கா?"

நியாயமான கேள்வி. அவர்களை உட்கார வைத்து விளக்கினேன். ஒரு போர்டில் உங்கள் மதிப்பெண், அதே சீட்டுகளைப் பிடித்த மற்ற வடக்கு-தெற்கு ஜோடிகளோடு ஒப்பிட்டு வருகிறது. கிழக்கு-மேற்கில் உட்கார்ந்தவர்கள் பிடித்தது வேறு சீட்டு, ஒப்பிடப்பட்டது வேறு கூட்டத்தோடு. இரண்டு பக்கமும் சராசரி 50 ஆகத்தான் இருக்கும். வலுவான ஜோடிகள் பாதிக்கு மேல் ஒரே திசையில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கம் 51.9 எடுப்பது கடினம். எனவே இரண்டு திசைச் சதவீதங்களை ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. ஒரே பட்டியல் வேண்டுமென்றால் சில ரவுண்டில் சீட்டின் திசையை மாற்றி ஆட வேண்டும், அல்லது மேசை குறைவாக இருந்தால் ஹாவெல் முறை (ஜோடிகள் திசையும் எதிராளியும் மாறி மாறி உட்காருவது).

அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால் தவறு என் பக்கமும் இருந்தது. தாளில் எழுதியிருந்ததே தவிர, முதல் போர்டுக்கு முன் நான் வாயால் சொல்லவில்லை. அன்றிலிருந்து சொல்லாமல் ஒரு போட்டியும் தொடங்கியதில்லை.

வடக்கு இருக்கைக்கு ஒரு வார்த்தை: உங்கள் பார்ட்னர் மேல் மட்டும் குற்றம் இல்லை. பெயர் பதியும் மேசையிலேயே உறுப்பினர் எண்ணைச் சரிபார்க்க வேண்டியது நடத்துபவர் வேலை. ஆட விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்துச் சொல்வது ஆட்டக்காரருக்குச் செய்கிற நியாயம் அல்ல என்பது என் கருத்து.

கிழக்கு மூலை

டைரக்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது.

9 மேசை, 27 போர்டு. ஒவ்வொரு போர்டும் ஒன்பது முறை ஆடப்படுவதால் நாம் முந்துகிற ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமான ஜோடிக்கு 1 என்று ஒரு போர்டில் அதிகபட்சம் 16. மொத்தம் 432. அன்று நாங்கள் வடக்கு-தெற்கு. முடிவுத் தாளில் 225 புள்ளி, 52.08 சதவீதம், நான்காம் இடம். மூன்று ஜோடிதான் தகுதி. சரி, விதி அவ்வளவுதான் என்று கிளம்பிவிட்டோம்.

இரவு வீட்டில் போர்டு போர்டாகப் பார்த்தேன். 20ஆம் போர்டில் பூஜ்யம். எனக்கு நன்றாக நினைவு இருந்தது, வல்னரபிளில் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) என் பார்ட்னர் நாலு ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாகப் பத்து டிரிக் எடுப்பதாக ஏலம்) ஆடிப் பத்து டிரிக் எடுத்தார், 620. தாளிலோ ஆடியவர் கிழக்கு என்று பதிவாகி, 620 எதிராளிக்குப் போயிருந்தது. வடக்கு என்று அழுத்த வேண்டிய இடத்தில் மதிப்பெண் பதியும் கருவியில் கிழக்கு என்று அழுத்தியவன் நான்தான். எதிராளி பார்க்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சரியாகப் போட்டால் ஐந்து மேசையைவிட நாங்கள் மேல், மூன்று மேசையோடு சமம். அதாவது 13 புள்ளி. 225 என்பது 238 ஆகும், 55.09 சதவீதம். மூன்றாம் இடம்.

பிரச்சினை என்னவென்றால், நடத்துபவர் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் முடிவு வெளியான 30 நிமிடத்தோடு திருத்தும் நேரம் முடிந்துவிடும். நாங்கள் கிளம்பி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் மறுநாள் காலை டைரக்டரைக் கூப்பிட்டேன். 79ஆம் விதியில் இன்னொரு வாசல் இருப்பதை அவர்தான் சொன்னார். பதிவு தவறு என்பதில் டைரக்டருக்குச் சந்தேகமே இல்லையென்றால், நடத்துபவர் சம்மதத்தோடு அதற்குப் பிறகும் திருத்தலாம். சீட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தார், கிழக்கின் கையில் ஸ்பேட் ஒரே ஒரு சீட்டு. பிறகு எதிராளிகளுக்குப் போன் செய்தார். அவர்கள் தயங்காமல் "ஆமாம், வடக்குதான் ஆடினார்" என்றார்கள். அவர்களுக்கு அந்த போர்டில் 16 இருந்தது, திருத்தினால் மூன்றுதான் மிஞ்சும் என்று தெரிந்தும் சொன்னார்கள். அதனால் அவர்கள் திசையில் அவர்கள் இரண்டு இடம் இறங்கினார்கள். அந்த இருவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

இறுதிப் பட்டியல் இன்னும் வெளியாகாததால் நடத்துபவரும் சம்மதித்தார். நாங்கள் போனோம். ஆனால் மூன்றாம் இடத்தில் இருந்து நான்காம் இடத்துக்கு இறங்கிய ஜோடி, ஓர் இரவு முழுக்கத் தாங்கள் தகுதி பெற்றதாக நினைத்திருந்தவர்கள். அடுத்த வாரம் கிளப்பில் அவர்களைப் பார்த்து நடந்ததை நேரிலேயே சொன்னேன். கை கொடுத்தார்கள். அப்புறம்தான் எனக்கு இறுதிப் போட்டிக்குப் போக மனசு வந்தது.

புது வரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி மாணவி, என் பார்ட்னர் என் தாத்தா, வயது 71. இந்த ஆண்டு முதல் முறையாகத் தகுதிச் சுற்று ஆடினோம். ஜோடி எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒரு ரவுண்டு முழுக்க நாங்கள் சும்மா உட்கார வேண்டி வந்தது. மூன்று போர்டு போச்சே, அதற்குப் பூஜ்யமா என்று தாத்தா பதறிப் போனார். ஆடிய போர்டுகளை வைத்துத்தான் சதவீதம் என்று டைரக்டர் விளக்கிய பிறகே அமைதியானார். தகுதி கிடைக்கவில்லை, 49.

ஒரு சந்தேகம்: எங்களுக்குள் இவ்வளவு வயது வித்தியாசம் இருப்பதால் எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

பழைய டைரக்டர்

திறந்த பிரிவில் வயது வரம்பு கிடையாது மகளே, தைரியமாக ஆடுங்கள். மூத்தோர், இளையோர் பிரிவுகளில் இருவரும் வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். கலப்புப் பிரிவு என்றால் ஓர் ஆண், ஒரு பெண். அதிலும் நீங்கள் இருவரும் சேரலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. தாத்தாவிடம் சொல்லுங்கள். முதல் முறையே 49 எடுத்திருக்கிறீர்கள், அது நல்ல ஆட்டம்.

டம்மி கை

நான் மாற்று ஆட்டக்காரராகப் போனவன். தகுதி பெற்ற ஜோடியில் ஒருவருக்கு இறுதிக்கு முந்தைய வாரம் அறுவை சிகிச்சை. நடத்துபவர் அனுமதியோடு ஒருவரை மட்டும் மாற்றலாம், இருவரையும் மாற்ற முடியாது. வருகிறவர் உறுப்பினராக இருக்க வேண்டும், வேறு வழியில் தகுதி பெற்றிருக்கக் கூடாது. நான் தகுதிச் சுற்றில் தோற்றிருந்ததால் பொருந்தினேன். அனுமதி எழுத்தில் வர மூன்று நாள் ஆனது.

ஆட்டத்தைவிட எனக்குக் கடினமாக இருந்தது கன்வென்ஷன் கார்டு, அதாவது ஜோடி தங்கள் ஏல முறையை எழுதி வைக்கும் அட்டை. இருவர் கார்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவர் ஆடும் முறை எனக்குப் பாதிதான் தெரியும். இரண்டு இரவு மருத்துவமனையில் அந்த நண்பரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் 50.6 சதவீதம், பதினான்காம் இடம். ஒவ்வொரு போர்டையும் அவரிடம் போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும் கேட்டார்.

வடக்கு இருக்கை

எல்லோருக்கும் நன்றி. இதை என் பார்ட்னரிடம் காட்டினேன். டைரக்டர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தார். அதற்குப் பிறகு மன்னிப்புப் போன் வரவில்லை. நேற்று வந்த போனில் நாலு கிளப் ஏலத்துக்கு நாங்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறோம் என்று கேட்டார்.

அடுத்த ஆண்டுச் சுற்றுக்கான நிபந்தனைத் தாளை இருவரும் சேர்ந்து படித்தோம். இரண்டு கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறோம்: கடைசித் தகுதி இடத்தில் சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள், பெயர் பதியும்போதே உறுப்பினர் எண்ணைச் சரிபார்ப்பீர்களா. இரண்டாவது கேள்விக்கு "இனிமேல் சரிபார்ப்போம்" என்று பதில் வந்துவிட்டது. முதலாவதற்கு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.