புட்சொண்டர்வாட்டர் பக்கம் நடந்தவர்கள் யாரேனும் உண்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஜூலைக் குளிர்கால விடுமுறையில் நானும் என் சித்தப்பாவும் டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, தென்னாப்பிரிக்காவின் வடகேப் மாகாணத்திலுள்ள புட்சொண்டர்வாட்டரில் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கி, சுற்றுப்புறத்தில் நடக்க எண்ணியுள்ளோம். ஜெர்மானியர் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு (இன்றைய நமீபியா) படைகளை அனுப்புவதற்காக, 1914-15இல் பிரிஸ்காவிலிருந்து அபிங்டன் வரை அவசர அவசரமாகப் போடப்பட்ட இருப்புப்பாதையில் உள்ள அந்த ஊர், இன்று ஆளற்றுக் கிடக்கிறது. என் தாத்தா தண்டவாளப் பணியாளராக இருந்தவர் என்பதால், இத்தகைய ஊர்கள் மீது எங்கள் வீட்டில் ஒரு பைத்தியமே உண்டு.

ஊரின் பெயருக்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘நீரில்லாக் கிணறு’ என்றுதான் பொருள். ஆகவே என் முதல் கவலை தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் வீதம் மூன்று நாளுக்குக் கணக்கிட்டு, இரண்டு 20 லிட்டர் கேன்கள் எடுத்துச் செல்கிறோம். அது போதுமா? கடைசியாக நிரப்பிக்கொள்ள மேரிடேல் வசதியா, குரோப்லர்ஸ்ஹூப் வசதியா?

அடுத்தது அனுமதி. சுற்றிலும் வேலியிட்ட ஆட்டுப் பண்ணைகள் என்பதால், கூடாரமடிக்க யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்கவும். பாழடைந்த கட்டடங்களுக்குள் நாங்கள் நுழைய மாட்டோம். கூரையை விட நாகத்துக்கே எனக்கு அச்சம் அதிகம்.

ஒட்டகமுள் மரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்பதால் விறகை இங்கிருந்தே கொண்டு போகிறோம். சென்ற ஆண்டு டிராக்கன்ஸ்பர்க் மலையில் விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறமே உறைபனி படிந்து, சித்தப்பாவின் காலணி நாடா கம்பிபோல் விறைத்து நின்றது. புட்சொண்டர்வாட்டர் பக்கத்து ஜூலைக் குளிரை அனுபவித்தவர்கள், எத்தகைய படுக்கைப்பை தாங்கும் என்றும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.