கோயில் தோட்டத்துக்கு வேதாகமச் செடிகள்: ஒலிவம் (ஆலிவ்) வாங்கலாமா?

தேரிக்காட்டு டீச்சர்:
எல்லாருக்கும் தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் சின்ன சபை எங்களுடையது. கோயிலுக்குத் தெற்கே 3 சென்ட் சும்மா கிடக்கிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அடுப்பு வெட்ட மட்டும்தான் இதுவரை உதவியிருக்கிறது. அங்கே வேதாகமச் செடிகள் வைக்க ஐயர் (எங்கள் சபைப் போதகர்) சம்மதித்துவிட்டார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள். செம்மண்; கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்பு.

உபாகமம் 8:8-இல் வரும் ஏழில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், தேன். ஒலிவக் கன்று 900 ரூபாயாம், மூன்றே வருஷத்தில் காய்க்கும் என்கிறார் நர்சரிக்காரர். அத்திக்குச் செலவில்லை, ஆற்றங்கரையில் கிடைக்கும். யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கும் வைக்க ஆசை.

பழைய தோட்டக்காரன்:
டீச்சர், ஒலிவம் பூக்கவே குளிர்காலம் வேண்டும். நம்ம வெயிலில் இலை வரும், காய் வராது. இலை போதுமென்றால் தொட்டியில் ஒன்று வையுங்கள். அந்தத் தேன் பேரீச்சம்பழத் தேன் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதனால் பேரீச்சை வையுங்கள், உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

ஆற்றங்கரை அத்தி வேண்டவே வேண்டாம். அது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்தி. வளர்ந்தால் 3 சென்டும் அதற்கே பத்தாது, கோயில் சுவரையும் பெயர்த்துவிடும். வேதாகமத்து அத்தி சீமை அத்தி. இலை கையகலம் இருக்கும். ஆதாமும் ஏவாளும் நாட்டு அத்தி இலையைத் தைத்திருந்தால் பொழுது விடிந்திருக்கும்! சீமை அத்திக் குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். ஆனால் இயேசுவைப் பார்க்க சகேயு ஏறிய காட்டத்திக்கு நம்ம நாட்டு அத்தி நெருங்கிய சொந்தம், அதுவும் அடிமரத்தில் காய்ப்பதுதான்.

திராட்சைக்குப் பந்தல் போட்டால் மட்டும் போதாது, கவாத்து செய்ய, அதாவது கொடியை வெட்டிவிட வேண்டும். யோவான் 15:2-இல் 'சுத்தம்பண்ணுகிறார்' என்று வருகிறதே, அது இதுதான். பிள்ளைகள் கையில் கத்தரியைக் கொடுத்து அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

மேலத்தெரு அக்கா:
ஆமணக்கு விதை விஷம், பிள்ளைகள் புழங்கும் இடம். வைத்தால் பூங்கொத்தை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். வேலிக்கு மருதோன்றி, உன்னதப்பாட்டில் இருக்கிறது. ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வருகிற மத்தேயு 23:23-ஐயும் விடாதீர்கள். ஒற்தலாம் என்றால் புதினாதான், போர்த்துக்கீசியச் சொல். அங்கே வெந்தயம் என்று இருப்பது மூலத்தில் சதகுப்பை. சீரகம் நம்ம ஊரில் சரிப்படாது. கடுகும் கொத்தமல்லியும் ஐப்பசியில் தூவினால் கிறிஸ்துமஸுக்குள் பிள்ளைகள் பறித்துவிடலாம்.

தேரிக்காட்டு டீச்சர்:
அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. நல்லவேளை, முன்பணம் கொடுக்கவில்லை. ஐயருக்கு மட்டும் ஒலிவத்தை விட மனசில்லை, அதனால் தொட்டியில் ஒன்று. சீமை அத்திக் குச்சி யாரிடமாவது இருக்கிறதா? பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.