அண்டோனைன் சுவரை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

ஸ்காட்லாந்தில் ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவர் இருக்கிறது என்று அறிந்து சென்றபோது, வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரைப் போன்ற கல்மதிலையே எதிர்பார்த்தேன். ஃபால்கிர்க் நகரில் வாட்லிங் லாட்ஜ் என்னும் இடத்தில் நான் கண்டதோ, ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்தில் இருபுறமும் சரிந்து இறங்கும் ஓர் அகழி. சுவரைத் தேடிச் சற்று நேரம் அலைந்த பிறகே, கண்முன் இருக்கும் அந்தப் பள்ளம்தான் முக்கியச் சான்று என்பது புரிந்தது. கி.பி. 142 அளவில், பேரரசர் அண்டோனினஸ் பயஸின் ஆணைப்படி, ஃபோர்த் கழிமுகத்துக்கும் கிளைடு ஆற்றுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவுக்குப் படைவீரர்கள் எழுப்பிய இந்த மதில், கல் பரப்பிய அடித்தளத்தின் மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டப்பட்டது. மண் கரைந்து தாழ்ந்துவிட்டது, அகழி நிலைத்திருக்கிறது.

அங்கிருந்து மேற்கே நடந்து ரஃப் காசில் கோட்டையை அடைந்தேன். அகழிக்கு வடக்கே, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் குழி வருமாறு, நீள்வட்டக் குழிகள் வரிசை வரிசையாகத் தோண்டப்பட்டுள்ளன. கூர்முனைக் கழிகளை உள்ளே நட்டு மேலே தழை மூடி, ஓடிவரும் பகைவரை வீழ்த்தும் பொறி இது. இதே அமைப்பை, இன்றைய பிரான்சில் உள்ள அலேசியா என்ற கோட்டை நகரின் முற்றுகையில் அமைத்த ஜூலியஸ் சீசரின் வீரர்கள் அதற்கு ‘அல்லி’ என்று பெயரிட்டிருந்தனர். புல் மூடிய அந்தக் குழிகளுக்கு நடுவே நின்றபோது, இந்த எல்லையில் இருந்தவர்களின் அச்சம் எனக்கு விளங்கியது. எந்தப் படவிளக்கமும் அதை எனக்கு உணர்த்தியதில்லை.

•

மேலே எழுதியவர் அடித்தளத்தைக் காண விரும்பினால், கிளாஸ்கோவை அடுத்த பேர்ஸ்டனுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடித்தளக் கற்கள் இரண்டு இடங்களில் வெளியே தெரிகின்றன. மதிலுக்கு அடியில் நீர் வடிய விட்ட கால்வாயையும் பார்க்கலாம். எனக்கு மிகவும் நெருக்கமானது அதே ஊரில் இருந்த ரோமானியக் கோட்டையின் குளியலறைக் கட்டடம். குடியிருப்புகளுக்கு நடுவே, 1973இல் வெளிப்பட்டது. அந்தக் கோட்டையின் அகழியில் படிந்திருந்த கழிவை ஆராய்ந்ததில் கோதுமை, அத்தி, கொத்தமல்லி ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. குளிரும் மழையும் மிகுந்த அந்த எல்லையில் வீரர்களின் உணவில் கொத்தமல்லி இருந்தது என்று அறிந்தபோது, அவர்கள் எனக்கு அந்நியர்களாகத் தோன்றவில்லை.

•

நான் இந்த மதிலின் பாதையில் உள்ள குரோய் குன்றின்மீது நடந்தேன். கடும்பாறையை உடைத்து அகழியைக் கொண்டுசென்றிருக்கிறார்கள். ஆனால் உச்சிக்கு அருகே சிறிது தூரம் மட்டும் தோண்டப்படாமல் நிற்கிறது. செல்பவர்கள் குளிர்காலப் பிற்பகலில் செல்லுங்கள். வெயில் தாழ்ந்து விழும் அந்த நேரத்தில்தான் மேடுபள்ளங்களின் நிழல் நீண்டு, உச்சிவெயிலில் வெறும் புல்வெளியாகத் தெரிவது மதிலின் வரியாகத் தெளிவடைகிறது.